கடல்காற்றில் கலையாதது நெய்ச்சோற்றில் கலைந்தது

போன ஆண்டு கீழக்கரையில் ஒரு கல்யாண வீட்டில் எனக்கு நேர்ந்த தலைகுனிவிலிருந்துதான் இந்த லிப்ஸ்டிக் சோதனை தொடங்கியது. மணப்பெண்ணுக்கு அடர்சிவப்பில், ‘பதினாறு மணி நேரம் நிற்கும்’ என்று அட்டையில் அச்சிட்டிருந்த திரவ லிப்ஸ்டிக்கைப் போட்டிருந்தேன். காலையில் மொட்டை மாடியில் படம் எடுத்தார்கள். காற்று முக்காட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. உதட்டுச் சிவப்பு மட்டும் இம்மி அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை. மதியம் நெய்ச்சோறும் தால்ச்சாவும் சாப்பிட்டு, கடைசியில் தொதல் என்ற இனிப்பில் ஒரு துண்டையும் தின்றுவிட்டு அந்தப் பெண் என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது உதட்டின் நடுப்பகுதி வெளுத்துக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு வளையம். அவளுடைய சாச்சி, அதாவது சித்தி, குனிந்து பார்த்துவிட்டு, “என்னம்மா இது, எலி கடித்த தொதல் மாதிரி இருக்கிறது?” என்றார்.

பதற்றத்தில் நான் அடுத்துச் செய்ததுதான் பெரிய தப்பு. அதன் மேலேயே இன்னொரு பூச்சு பூசினேன். திட்டுத் திட்டாகத் தெரிந்ததால் அதற்கும் மேல் ஒன்று. பத்து நிமிடத்தில் உதடு, தண்ணீர் வற்றிய வாலிநோக்கத்து உப்பளப் பாத்திபோலப் பாளம் பாளமாக வெடித்தது. பேசும்போதெல்லாம் செதில் உதிர்ந்தது. அன்று மாலை முழுவதும் அந்தப் பெண் வாய் திறந்து சிரிக்கவே இல்லை. கூலியை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் கொடுத்தார்கள். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இந்த ஆண்டு ஆனியில் அதே தெருவில், அதே குடும்பத்து உறவில் இன்னொரு கல்யாணம். “அக்கா, நீங்களே வாருங்கள். ஆனால் உதடு மட்டும்…” என்று மணப்பெண் தொலைபேசியில் இழுத்தாள். கையில் பத்து நாள் இருந்தது. வாடிக்கையாளர் உதட்டில் பரீட்சை எழுதுவதைவிட என் உதட்டில் எழுதித் தோற்பது மேல் என்று முடிவு செய்தேன்.

ராமநாதபுரம் அரண்மனைத் தெருக் கடைகளில் மூன்று, என் பெட்டியிலேயே இரண்டு என்று ஐந்து வகை சேர்ந்தது. அடையாளத்துக்கு நானே பெயர் வைத்தேன்: மெழுகுக் குச்சி, மேட் குச்சி, காயும் திரவம், இரட்டை முனை, நீர்ச்சாயம். என் பத்தாம் வகுப்பு மகள் பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தாள். நிறுவனங்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பெயர் தேவையும் இல்லை.

பின்பக்கத்தில் பொருள்களின் பட்டியல் இருக்கும். அளவில் அதிகமானது முதலில் வரும். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் ரிசினஸ் கம்யூனிஸ் என்று இருந்தால் அது நம் ஆமணக்கெண்ணெய். கூடவே தேன்மெழுகு, கார்னாபா மெழுகு என்று வரும். இதுதான் குச்சி வகை. பூசச் சுகமாக இருக்கும், உதடு வறளாது. ஆனால் டம்ளர் விளிம்பிலும் ஒட்டும், குழந்தையின் கன்னத்திலும் ஒட்டும். பளபளப்பில்லாத மேட் குச்சியில் எண்ணெய் குறைவு, மெழுகும் பொடியும் அதிகம். கொஞ்சம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான்.

முதல் பெயரே ஐசோடோடெகேன் என்று இருந்தால் அது காயும் திரவம். பெயர்தான் வாயில் நுழையாது, வேலை எளிது. சட்டென்று ஆவியாகிவிடும் ஒரு கரைப்பான் அது. பூசிய சில நிமிடங்களில் அது காற்றோடு போய்விடும். அதில் கரைந்திருந்த சிலிக்கோன் பிசின், நிறப்பொடியைத் தனக்குள் பிடித்துக்கொண்டு மெல்லிய படலமாக உதட்டில் இறுகும். பட்டியலில் ‘சிலாக்ஸிசிலிகேட்’ என்று முடியும் நீளப் பெயர் தென்பட்டால் அந்தப் பிசின்தான் அது. இரட்டை முனையில் ஒரு பக்கம் இதே படலம், மறுபக்கம் அதைக் கரைக்காத வகையில் செய்த மினுமினுப்புப் பூச்சு. நீர்ச்சாயம் முற்றிலும் வேறு சாதி. தண்ணீரிலும் கிளிசரினிலும் கரைந்த சாயம்; மேலே படலமாகப் படியாமல், தோலின் மேல் அடுக்கையே நிறமேற்றும். வெற்றிலை போட்ட உதடு இரண்டு முறை கொப்பளித்தாலும் சிவந்தே இருக்கும் அல்லவா, அந்த மாதிரி.

‘ஒட்டாத லிப்ஸ்டிக்’ புதுச் சங்கதியும் இல்லை. ஹேசல் பிஷப் என்ற அமெரிக்க வேதியியலாளர் தன் வீட்டுச் சமையலறையிலேயே கலந்து கலந்து பார்த்து, 1950இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். அதிலிருந்தது தோலில் ஏறும் சாயம். மேலே படலம் போடும் வித்தை பிறகு வந்தது. சமையலறையில் தொடங்கியது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்ததை மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, முன்கையின் உட்புறத்தில் ஐந்து கோடுகள் இழுத்துக்கொண்டு, பத்து நிமிடம் காயவிட்டு, மகளோடு உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரைக்குப் போனேன். சுற்றுலா வந்தவர்கள் என் கையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கையைக் கடல்நீரில் அமிழ்த்தி வைத்தேன். எதுவும் போகவில்லை. தேய்த்தபோது மெழுகுக் குச்சிக் கோடு மட்டும் இழுபட்டது. நீர்ச்சாயம் ஒரு சாயல் வெளுத்தது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டு குச்சிக் கோடுகளும் ஏறக்குறையப் போய்விட்டன, நீர்ச்சாயம் பாதியானது. காயும் திரவமும் இரட்டை முனையும் கல்லில் வெட்டியதுபோல நின்றன. மகள் நோட்டில் இரண்டுக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிட்டாள்.

பிறகு ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்து அறுபது எண்ணினோம். ஒரே துடைப்பில் காயும் திரவம் முழுசாகத் துணியோடு வந்துவிட்டது. இரட்டை முனை இரண்டாவது துடைப்பு வரை தாக்குப்பிடித்தது. நீர்ச்சாயத்தை மட்டும் எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. மகள் பத்துகளை அடித்து எழுதினாள்.

இத்தனை வருடமாக என்னிடம் வரும் பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “தண்ணீர் பட்டால் போகுமா அக்கா?” கடலோரத்துக்காரர்கள், தண்ணீரைத்தானே கேட்பார்கள். நானும் “போகாது” என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன், பொய்யுமில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டியது “எண்ணெய் பட்டால் போகுமா?” என்று. சிலிக்கோன் படலத்துக்குத் தண்ணீர் பொருட்டே இல்லை. எண்ணெயும் நெய்யும் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் அதை இளக்கிவிடும். தொதல் என்பது தேங்காய்ப்பாலை எண்ணெய் கக்கும்வரை கிண்டி எடுக்கும் பண்டம். அதைவிடச் சிறந்த லிப்ஸ்டிக் அழிப்பானை எந்தக் கம்பெனியும் செய்துவிட முடியாது.

திங்கள் முதல் உதட்டுச் சோதனை. காயும் திரவத்தைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் பாம்பன் பாலத்தைக் கடந்தேன். ஆனிக் கச்சான் ஆளையே தள்ளுகிற காற்று; கண்மை கலைந்தது, உதடு கலையவில்லை. பாலம் தாண்டி ஒரு தேநீர் குடித்தேன், கண்ணாடி டம்ளரில் அடையாளமே இல்லை. தங்கச்சிமடத்தில் சித்தி வீட்டில் மதியச் சாப்பாடு. பொரித்த சீலா மீன் இரண்டாவது துண்டுக்கே நடு உதடு போய்விட்டது. “என்ன, உதட்டில் பாதியைக் காணோம்?” என்று சித்தி கேட்க, நான் நோட்டை எடுத்து மணி குறித்ததும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் காலை இட்லியும் எண்ணெய் ஊற்றாத பொடியும்: ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மறுநாள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும்: வளையம்.

புதன்கிழமை நடந்ததை எச்சரிக்கைக்காகச் சொல்கிறேன். உதட்டுச் செதிலை எடுக்க வேண்டும் என்று காலையிலேயே சர்க்கரையும் எண்ணெயும் கலந்து நன்றாகத் தேய்த்துவிட்டேன். மதியம் முண்டு வற்றல் அரைத்துப் போட்ட குழம்பு. நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தவர்களை அன்று நினைத்துக்கொண்டேன்; உதடு அப்படி எரிந்தது. உதட்டுத் தோல் முகத்தின் மற்ற இடங்களைவிட மிக மெல்லியது, வியர்வைச் சுரப்பியும் அதற்குக் கிடையாது. வறண்டால் தானே ஈரப்படுத்திக்கொள்ளும் வசதி இல்லாத தோல். தேய்ப்பது முந்தைய இரவுதான், அதுவும் விரல் நுனியால் அரை நிமிடம். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் கரிப்பு வேறு. முகம் கழுவிய பிறகு உதட்டை மட்டும் குடிதண்ணீரால் ஒருமுறை துடைத்துக்கொள்வது என்ற வழக்கத்தை அன்றுதான் தொடங்கினேன். உதட்டை நாக்கால் நனைக்கிறவர்களுக்கு இன்னும் மோசம். எச்சில் காயும்போது இருக்கிற ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

இடையில் ஒரு ரிப்பேர் வேலையும் சேர்ந்துகொண்டது. பெட்டியிலிருந்த பழைய திரவ டியூப் ஒன்று மூடி சரியாக இறுகாமல் கிடந்து வெல்லப்பாகுபோலக் கெட்டியாகிவிட்டது. நல்ல செங்கல் நிறம், எறிய மனமில்லை. ‘இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடு’ என்று தோழி சொன்னாள். விட்டேன். அழகாக இளகியது, அழகாகப் பூசவும் வந்தது. ஆனால் காயவே இல்லை! ஒரு மணி நேரம் கழித்தும் விரலில் ஒட்டியது. காய்ந்து இறுக வேண்டிய படலத்துக்குள்ளேயே அதைக் கரைக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டேன் என்பது, முன்கைச் சோதனை முடிந்து மூன்று நாள் ஆன பிறகும் என் மண்டையில் ஏறவில்லை பாருங்கள். டியூப் குப்பைக்குப் போனது. அடுத்த கெட்டி டியூபை மூடியை இறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீர் இருந்த டம்ளரில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தேன். ஓரளவு இளகி இரண்டு முறை பூசுமளவுக்கு வந்தது. ஆவியாகிப் போன கரைப்பான் திரும்பி வராது என்பதால் இது தற்காலிக மருந்துதான். பன்னீர், நகப்பூச்சு நீக்கி என்றெல்லாம் ஊற்றுகிறவர்களும் உண்டு. முன்னது கலக்காது, பின்னதை உதட்டருகே கொண்டு போகவே கூடாது.

குச்சி வகைக்கு எங்கள் ஊர் வெயிலே எதிரி. ஸ்கூட்டர் பெட்டியில் ஒரு பகல் மறந்து வைத்ததில் மேட் குச்சி சரிந்து மூடிக்குள் அப்பிக்கொண்டது. வழித்தெடுத்துச் சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கினேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், கார்னாபா 80ஐத் தாண்ட வேண்டும். ஆகவே ஓரத்தில் இளகியதும் இறக்கிவிடாமல் கட்டியே இல்லாமல் ஆகும்வரை பொறுக்க வேண்டும். சுத்தம் செய்த பழைய லிப் பாம் டப்பியில் ஊற்றி ஆறவைத்தேன். குச்சி வடிவம் போனது, பிரஷால் எடுத்துப் பூச நன்றாகவே இருக்கிறது. என் சொந்த உபயோகத்துக்கு மட்டும்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு மணப்பெண் வீட்டுக்குப் பேசப் போனேன். இரண்டு விஷயங்கள் கேட்டார்கள். “இதில் பூச்சி இருக்கிறதாமே?” என்றாள் பெண். உண்மைதான். கார்மைன் என்ற சிவப்பு, கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுப்பது, அட்டையில் சி.ஐ. 75470 என்று எண் மட்டும் போட்டிருப்பார்கள். ஐந்தில் ஒன்றில் அந்த எண் இருந்தது, ஒதுக்கிவைத்தேன். 77491, 77492, 77499 என்பவை இரும்பு ஆக்சைடுகள், அதில் பிரச்சினை இல்லை.

இரண்டாவது கேள்வி அவளுடைய உம்மாவுடையது, அதைக் கடந்த ஆண்டு நான் யோசித்திருக்கவே இல்லை. “லுஹர், அஸர் எல்லாம் தொழ வேண்டும். இதைப் போட்டுக்கொண்டு ஒளு எப்படி எடுப்பாள்?” லுஹர் நண்பகல் தொழுகை, அஸர் பிற்பகல் தொழுகை; தொழுமுன் முகம், கை, கால்களைத் தண்ணீரால் கழுவிக்கொள்வதுதான் ஒளு. மருதாணி நிறம் கையில் இருக்கலாம், நகப்பூச்சு இருந்தால் தண்ணீர் நகத்தைத் தொடாது; அதே கணக்குத்தான் உதட்டுக்கும் என்று அவரே விளக்கினார். நிறம் இருக்கலாம், தண்ணீரைத் தடுக்கும் படலம் இருக்கக்கூடாது. கேட்டதும் எனக்கு நோட்டின் கடைசிக் கட்டம் ஞாபகம் வந்தது. நீர்ச்சாயம் படலமே போடாதது. எண்ணெயும் அதைத் தொடாது. அவர் தொழுகைக்குச் சொன்ன வழியே என் வளையத்துக்கும் வழியாகிவிட்டது: அடியில் சாயம், மேலே படலம். மேலே உள்ளது நெய்யில் கரைந்தாலும் அடியில் சிவப்பு நிற்குமே, வளையம் எங்கிருந்து தெரியும்?

அன்று இரவே என் உதட்டில் செய்து பார்த்தேன். முதல்முறை சாயம் செதில் இருந்த இடத்தில் மட்டும் கருஞ்சிவப்பாகத் திட்டு விழுந்தது; வறண்ட தோல் அதிகம் குடித்துவிடுகிறது. மறுநாள் இரவு லேசாகத் தேய்த்து, லிப் பாம் போட்டுத் தூங்கி, காலையில் அதை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பூசியபோது சமமாக ஏறியது. லிப் பாமைத் துடைக்காமல் விட்டால் அடுத்து வரும் எதுவுமே ஒட்டாது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கல்யாண நாள் காலையில் நீர்ச்சாயத்தை இரண்டு முறை, மெல்லிசாக, இடையில் காயவிட்டுப் பூசினேன். அதற்கு மேல் எதுவும் இல்லை. காலைப் படங்கள், லுஹர், நெய்ச்சோறு, சாச்சி கையால் ஊட்டிய தொதல், அஸர் எல்லாம் அந்த ஒரே சாயத்தோடு முடிந்தன. தொழுகை முடிந்து வந்ததும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் உதட்டைத் துடைத்து, ஒத்த நிறப் பென்சிலால் கோடு போட்டு உள்ளேயும் நிரப்பினேன். பிறகு காயும் திரவம், ஒரே ஒரு பூச்சு. டியூபை உதட்டில் வைக்கவில்லை. தட்டில் கொஞ்சம் எடுத்துப் பிரஷால்தான். ஒருவர் உதட்டில் வைத்த டியூபை அடுத்தவருக்கு வைத்தால் கொப்புளக் கிருமியும் கூடவே போகும். பூசும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. உள் உதட்டின் ஈரமான கோட்டுக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், ஈரத்தில் படலம் பிடிக்காது, அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். பூசி முடித்ததும் வாயை லேசாகத் திறந்தபடி ஐந்து நிமிடம். உதட்டோடு உதட்டை அழுத்தித் தேய்ப்பது குச்சி வகைக்கான பழக்கம். இதில் செய்தால் பாதி காய்ந்த படலம் திரண்டுவிடும். அந்த ஐந்து நிமிடமும் பெண்ணைச் சிரிக்க வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றைய கடினமான வேலை. அவளுடைய லாத்தா வாசலில் நின்று விடாமல் கேலி செய்துகொண்டிருந்தார்.

இரவு விருந்தில் வட்டலாப்பம் வந்தது. மறுபடியும் தேங்காய்ப்பால்தான், தப்பவில்லை. நடுவில் படலம் கொஞ்சம் இளகியது. மேலே பூசவில்லை. டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றி எடுத்து, இளகிய பகுதியை மட்டும் பஞ்சுக்குச்சியால் துடைத்து, அடியில் இருந்த சிவப்பின் மேல் பென்சிலால் லேசாகத் தொட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சாச்சி இந்த முறையும் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் பெட்டியைத் திறந்து, “இதில் எந்த டப்பி?” என்று மட்டும் கேட்டார்.

கிளம்பும்போது பெண்ணிடம் ஒரு சின்ன டப்பியில் தேங்காய் எண்ணெயைக் கொடுத்து, தடவி ஒரு நிமிடம் எண்ணிவிட்டுத் துடைக்கச் சொன்னேன். காய்ந்த படலத்தைத் தேய்த்தோ நகத்தால் உரித்தோ எடுத்தால் தோலும் சேர்ந்து வரும். மறுநாள் காலை அழைத்தாள். “எல்லாம் வந்துவிட்டது அக்கா. அடியில் உள்ள சிவப்பு மட்டும் போகவில்லை. எத்தனை நாள் இருக்கும்?” என்றாள். மேல்தோல் உதிர உதிரத் தானாகவே போய்விடும், சாயங்காலத்துக்குள் பாதி குறையும் என்றேன். “அவசரம் ஒன்றுமில்லை, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.